குறையை நிரப்பும், கோப்பை வாங்கித் தராது

ஜிம்முக்குப் பணம் கட்டிய முதல் மாதத்திலேயே புதியவனுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்று மீன் எண்ணெய் மாத்திரை. புரோட்டீன் பவுடரைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கிரியாட்டின் என்றால் கிட்னி போய்விடும் என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். மீன் எண்ணெய்க்கு மட்டும் எதிர்க்கட்சியே கிடையாது. டிரெய்னர் சொல்கிறார், மருந்துக்கடைக்காரர் தலையாட்டுகிறார், அம்மாவும் ‘மீன்தானே’ என்று விட்டுவிடுகிறார். மாரத்தான் ஓடுபவருக்கும் கபடி ஆடுபவருக்கும் பளு தூக்குபவருக்கும் ஒரே சீட்டுதான்: மூட்டுக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது, உடம்புவலி போகும், ரெகவரி சீக்கிரம் ஆகும். இயற்கைப் பொருள், கெடுதல் செய்யாது. ஆகவே தாராளமாகப் போடலாம்.

இந்த ஒருமித்த கருத்து தவறு என்பதே என் வாதம். மீன் எண்ணெயை மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. உடலுக்குத் தேவையான இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள், இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும், அதில் இருக்கின்றன. மீன் சாப்பிடாத உடம்பில் இவற்றுக்குப் பற்றாக்குறை இருக்கலாம். மாத்திரை அதை நிரப்பலாம். பற்றாக்குறையே இல்லாத உடம்புக்கு மேற்கொண்டு வேகமும் பலமும் தரும் என்பதற்கோ சான்று மெலிந்திருக்கிறது. அளவைக் கூட்டினால் தீங்கு வரும் என்பதற்கான சான்று, கடந்த சில ஆண்டுகளில், வலுத்துக்கொண்டே வருகிறது. விற்கிறவர்களும் பரிந்துரைக்கிறவர்களும் முதல் பாதியை உரக்கச் சொல்லி இரண்டாம் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

முதலில் பாட்டிலின் மேல் இருக்கும் எண்ணைப் பார்ப்போம். ‘1000 மி.கி.’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது மாத்திரைக்குள் இருக்கும் எண்ணெயின் மொத்த எடை. பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால், சாதாரண ரகத்தில் இ.பி.ஏ. 180 மி.கி., டி.எச்.ஏ. 120 மி.கி. என்று இருக்கும். வேலை செய்யும் சரக்கு 300 மி.கி. மட்டுமே. கரும்பின் எடையைச் சொல்லிச் சர்க்கரைக்குக் காசு வாங்குவது போன்ற கணக்கு இது.

இந்தக் கணக்கு தெரியாததால் இரண்டு விதத் தவறு நடக்கிறது. தினம் ஒரு மாத்திரை போடுகிறவர் ஒரு கிராம் ஒமேகா-3 எடுப்பதாக நினைத்துக்கொண்டு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக எடுக்கிறார். ஆய்வில் 5 கிராம் கொடுத்தார்கள் என்று எங்கோ கேட்டவர் ஐந்து மாத்திரை போட்டுக்கொண்டு, அந்த ஆய்வின் பலன் தனக்கும் கிடைக்கும் என்று நம்புகிறார். அந்த 5 கிராம், இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்ந்த கணக்கு என்றால், சாதாரண மாத்திரையில் அவருக்குத் தினம் பதினேழு வேண்டும். ‘தினமும் ரெண்டு போடு தம்பி’ என்று சொல்லும் கோச்சிடம், எந்த ரகம், அதில் எத்தனை இ.பி.ஏ., எத்தனை டி.எச்.ஏ. என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அளவு தெரியாமல் கொடுக்கப்படும் அறிவுரையை அறிவுரை என்று எப்படி எடுத்துக்கொள்வது?

அடுத்தது ஆட்டத்திறன். இங்கே அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று 2008இல் வந்தது. நன்கு பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்கள் 16 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் தினமும் 8 கிராம் மீன் எண்ணெயும், மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெயும் கொடுத்தார்கள். மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கு மிதிக்கும்போது இதயத் துடிப்பு குறைந்தது. ஆக்சிஜன் செலவும் குறைந்தது. இதுவரைதான் விளம்பரம் சொல்லும். களைத்து நிறுத்தும் வரை எவ்வளவு நேரம் மிதித்தார்கள் என்று பார்த்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. உடலுக்குள் ஏதோ மாறுகிறது, உண்மைதான். ஆனால் பந்தயத்தில் பதக்கம் தருவது கடிகாரம். அந்தக் கடிகாரம் அசையவில்லை.

தசை வளர்ச்சிக் கதையும் ஏறத்தாழ இப்படித்தான். முதியவர்களிடம் ஒமேகா-3 தசைப் புரத உற்பத்தியைத் தூண்டுவதாக 2011 ஆய்வு ஒன்று காட்டியது. அதை எடுத்து இருபது வயதுப் பையனின் கையில் திணிக்கிறார்கள். வேளாவேளைக்குப் போதிய புரதம் சாப்பிட்டு, ஒழுங்காகப் பளு தூக்கும் இளைஞனுக்குத் தசை கூடுதலாகப் பருக்கும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலி சற்றுக் குறையலாம். ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தாலும் அந்தக் குறைவு மிகச் சிறியது.

பலன் தெளிவாகத் தெரிந்த இடங்கள் உண்டு. அவற்றையும் சொல்லிவிட வேண்டும். உடற்பயிற்சியின்போது மூச்சுக்குழாய் சுருங்கி இளைக்கும் வீரர்களிடம், மூன்று வாரம் நாளுக்கு ஐந்து கிராமுக்கு மேல் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் கொடுத்தபோது சுருக்கம் நன்றாகக் குறைந்ததாக 2003இல் ஓர் ஆய்வு வந்தது. காலை இரண்டு வாரம் அசைக்காமல் கட்டிவைத்த இளம்பெண்களிடம் 2019இல் நடந்த ஆய்வில், 5 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்குத் தசை இழப்பு குறைவாக இருந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு டி.எச்.ஏ. கொடுத்த 2016 ஆய்வில், தலையில் விழும் அடியால் நரம்பு சிதைவதைக் காட்டும் ரத்தக் குறியீடு ஒன்று தணிந்திருந்தது. இவை எல்லாமே சிறிய ஆய்வுகள். அவை பேசுவது நோயையும் காயத்தையும் அடியையும் பற்றி. அந்த நிலையில் இருப்பவர் மருத்துவரோடு பேசி எடுக்கலாம். அதிலிருந்து ‘எல்லா வீரருக்கும் தினமும்’ என்ற முடிவுக்குத் தாவ எந்தப் பாலமும் இல்லை.

‘வீக்கத்தைக் குறைக்கும்’ என்ற வாசகத்தையும் சும்மா விடக்கூடாது. பயிற்சிக்குப் பின் தசையில் எழும் சிறு அழற்சி, உடல் தன்னைச் சரிசெய்துகொண்டு அடுத்த முறைக்குத் தயாராகும் வேலையின் ஒரு பகுதி. பயிற்சி உடலில் எழுப்பும் இத்தகைய எதிர்வினைகளை எப்படியாவது அடக்குவதே நல்லது என்ற எண்ணத்துக்கு 2009இல் ஒரு பாடம் கிடைத்தது. ஜெர்மனியில் நடந்த அந்த ஆய்வில், உடற்பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்குப் பயிற்சியால் இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் மங்கிவிட்டது. மீன் எண்ணெய் அதே தீங்கைச் செய்கிறது என்று நிரூபணமாகவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. பயிற்சியின் எதிர்வினை என்றாலே எதிரி என்ற அடிப்படை நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிட்டது என்பதுதான் செய்தி. ஆட்டங்கண்ட அடித்தளத்தின்மேல் தினசரி மாத்திரைப் பழக்கத்தைக் கட்டுவானேன்?

இனி இதயம். மீன் எண்ணெயின் பெயர் உலகெங்கும் பரவியது கிரீன்லாந்திலிருந்து. அங்கே இனுயிட் மக்களை ஆராய்ந்த டென்மார்க்கின் பாங், டயர்பெர்க் என்ற இரு மருத்துவர்கள் 1970களில் எழுதிய கட்டுரைகளே விதை. கடலுணவு நிறைந்த அவர்களின் உணவுக்கும் மாரடைப்புக் குறைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார்கள். இனுயிட்டுகளிடம் மாரடைப்பு எத்தனை பேருக்கு இருந்தது என்பதை அவ்விருவரும் நேரடியாக அளக்கவே இல்லை என்பதை 2014இல் கனடாவிலிருந்து வந்த மறுஆய்வு எடுத்துக்காட்டியது.

அதைவிட முக்கியம், பிறகு நடந்த பெரிய சோதனைகள். 2018இல் வெளியான ‘வைட்டல்’ சோதனையில் அமெரிக்காவைச் சேர்ந்த 25,871 பேர். பாதிப்பேருக்கு ஒமேகா-3, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்தாண்டுக்கு மேல் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் மொத்தக் கணக்கில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு பிரிட்டனில் 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ‘அசெண்ட்’ சோதனையின் முடிவும் அதுதான்.

வைட்டலில் ஒரு கிளைக்கணக்கு இருக்கிறது. வாரத்துக்கு ஒன்றரை வேளைக்கும் குறைவாக மீன் சாப்பிட்டவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, அவர்களிடம் மட்டும் இதய நிகழ்வுகள் 19 சதவீதம் குறைந்திருந்தன. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பலன் தென்படவில்லை. கிளைக்கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. ஆனால் அது எந்தத் திசையைக் காட்டுகிறது என்று பாருங்கள். மாத்திரைக்கு வேலை இருந்தது, குறை இருந்த இடத்தில்.

‘சரி, பலன் இல்லாவிட்டால் போகட்டும், தீங்கு ஒன்றும் இல்லையே’ என்பது கடைசித் தற்காப்பு. இதற்கு ஆதாரமாக, நாளொன்றுக்கு 5 கிராம் வரை இ.பி.ஏ., டி.எச்.ஏ. எடுப்பதால் பெரியவர்களுக்குப் பாதுகாப்புக் கவலை இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னதைக் காட்டுவார்கள். அது சொன்ன ஆண்டு 2012. இங்கே நான் சொல்லும் பெரிய சோதனைகளின் முடிவுகள் அதன் பிறகுதான் வந்தன. தினமும் 4 கிராம் கொடுத்த ‘ஸ்ட்ரெங்த்’ சோதனை 13,078 பேரோடு நடந்து, பலன் தெரியாமல் 2020இல் முடிந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத்துடிப்பு அதிகமாக வந்திருந்தது. இதயத்துக்குப் பலன் காட்டிய ‘ரெட்யூஸ்-இட்’ சோதனையிலும் இதே கோளாறு கூடியிருந்தது. ஏழு சோதனைகளில் இருந்த 81,210 பேரின் தரவுகளை 2021இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, இந்தக் கோளாறு வரும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் எடுத்தவர்களிடம் அது 49 சதவீதம். 2023இல் ஐரோப்பிய மருந்து முகமை, மருத்துவர் சீட்டில் தரப்படும் ஒமேகா-3 மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைப் பரவலாக வரக்கூடியது என்ற வகையில் சேர்க்கச் சொன்னது. அளவு கூடினால் ஆபத்தும் கூடும், 4 கிராமில் மிக அதிகம் என்றும் சேர்த்துச் சொன்னது.

அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் வயதானவர்கள், பலரும் ஏற்கெனவே இதயநோயோ சர்க்கரையோ உள்ளவர்கள். இருபத்திரண்டு வயதுக் கபடி வீரனின் தலையில் அந்த எண்ணை அப்படியே தூக்கி வைக்க முடியாது. அதே சமயம், நெடுந்தூர விளையாட்டில் பல ஆண்டு ஊறியவர்களுக்கு இந்தத் துடிப்புக் கோளாறு சற்று அதிகம் என்பது மீன் எண்ணெய் இல்லாமலேயே அறியப்பட்ட விஷயம். சுவீடனின் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டமான வாசாலோப்பெட்டில் கலந்துகொண்ட 52,755 பேரை வைத்து 2013இல் வந்த ஆய்வு, அதிகமுறை ஓடியவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று காட்டியது. ஐம்பது வயதில் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கி, ‘இதயத்துக்கு நல்லது’ என்று தினமும் பத்துப் பன்னிரண்டு மாத்திரை விழுங்கும் சென்னைக்காரரோ கோயம்புத்தூர்க்காரரோ, இந்த இரண்டு ஆபத்துகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

மறுபக்கப் பீதியையும் மறுத்துவிடுகிறேன். மீன் எண்ணெய் எடுத்தால் ரத்தம் நிற்காமல் கொட்டும் என்பார்கள். இதய அறுவைசிகிச்சைக்கு வந்த 1,516 பேருக்கு முன்னதாகவே ஒமேகா-3 கொடுத்துப் பார்த்த சோதனையில் ரத்தப்போக்கு கூடவில்லை. ஆரோக்கியமான வீரர் சாதாரண அளவில் எடுக்கும்போது இந்தப் பயம் தேவையில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. மீன் ஒவ்வாமை உள்ளவரும் அப்படியே.

அளவு சரி, ஆள் சரி என்றாலும், பாட்டிலுக்குள் இருப்பது சரியா? ஒமேகா-3 சீக்கிரம் காறிப்போகும் கொழுப்பு. சூடும் வெளிச்சமும் காற்றும் அதற்கு ஆகாது. நியூசிலாந்துக் கடைகளில் வாங்கிய 32 மாத்திரை ரகங்களைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், லேபிளில் சொன்ன அளவு முழுமையாக இருந்தவை 3 மட்டுமே. பெரும்பாலானவை காறல் வரம்பைத் தாண்டியிருந்தன. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலிய ரகங்களைச் சோதித்தவர்கள் லேபிள் அளவு சரியாகவே இருக்கிறது என்று மறுத்தார்கள். ஆக, ரகத்துக்கு ரகம் வேறுபடும்; நம் ஊர் மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த பாட்டிலுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒரு மாத்திரையை வெட்டி முகர்ந்து பாருங்கள். மீன் வாடை இருக்கும். பழைய பெயின்ட் போலக் குத்தினால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். எலுமிச்சை மணம் சேர்த்தது என்றால் மூக்கையும் ஏமாற்றும்.

மீன் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. காட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெயில் வைட்டமின் ஏ அதிகம். ஒரு டீஸ்பூனிலேயே 1,350 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றின் உச்சவரம்பு 3,000. ஒமேகா-3 வேண்டும் என்று ஈரல் எண்ணெயை மூன்று மடங்காக்கினால் அந்த வரம்பு உடைந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு இது கருவையே பாதிக்கக்கூடியது.

போட்டிகளில் ஆடுபவருக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. மீன் எண்ணெய் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் உடம்பில் எது கண்டுபிடிக்கப்பட்டாலும் பொறுப்பு வீரருடையதே என்பது அதன் விதி. ‘மாத்திரையில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது’ என்ற பதில் அவரைத் தானாகக் காப்பாற்றாது. மீன் எண்ணெயோடு ‘கொழுப்பு கரைப்பான்’, ‘ஹார்மோன் பூஸ்டர்’ என்று பத்துச் சரக்கைக் கலந்த பாட்டில் பக்கமே போகக்கூடாது. தனி எண்ணெய், அதுவும் ‘இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்’ போன்ற அமைப்பு தொகுதிவாரியாகச் சோதித்தது என்றால் மட்டுமே தொடலாம்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான கட்சி ஒன்று உண்டு. வீரர்களின் ரத்தத்தில் ஒமேகா-3 குறைவாகவே இருக்கிறது, ஆகவே அவர்களுக்குத் தேவை இருக்கிறது என்கிறது அது. சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் 2025இல் வெளியிட்ட நிலைப்பாட்டிலும் இந்தக் கருத்து இருக்கிறது. தாங்குதிறன், வலிமை, தசைவலி விஷயத்தில் பலன் இருக்கலாம் என்கிறது. இளைஞர்களின் தசை பருக்க உதவும் என்று அந்தச் சங்கமே சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் வாதமோ என் தரப்பையே பலப்படுத்துகிறது. குறைவாக இருப்பவருக்குத் தேவை. யாருக்குக் குறைவு என்று கேட்காமல் எல்லோருக்கும் நீட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அந்தக் கேள்வியைக் கேட்டால் கடற்கரை நீண்ட நம் மாநிலத்தில் பலருக்குப் பதில் மீன் சந்தையிலேயே இருக்கிறது. கொழுப்பேறிய பருவத்து மத்தி, அதாவது சாளை, 100 கிராமில் ஒரு கிராமுக்குக் குறையாமல் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் தரும். வாரம் இருமுறை 150 கிராம் என்றால், சராசரியாக நாளுக்கு 400 மி.கி.க்கு மேல். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்குப் போதும் என்று சொல்லும் 250 மி.கி.யைத் தாண்டிவிட்டது. கூடவே நல்ல புரதமும், முள்ளோடு தின்றால் கால்சியமும். வஞ்சிரத்தை விடப் பல மடங்கு மலிவு. சிறுமீன் ஆதலால் பாதரசமும் குறைவு. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி, எதுவானாலும் குழம்பாக வைத்தால் நல்லது. இப்படிச் சாப்பிடுகிற வீரருக்கு மாத்திரை வீண் செலவு.

சைவ உணவுக்காரருக்கும் மீன் வாடையே பிடிக்காதவருக்கும் குறை உண்மையானது. ஆளிவிதையிலும் வால்நட்டிலும் இருப்பது வேறு வகை ஒமேகா-3. அதில் சிறு பங்கைத்தான் உடல் இ.பி.ஏ.வாக மாற்றும், டி.எச்.ஏ.வாக மாறுவது மிகமிகச் சொற்பம். மீனுக்கே இந்தக் கொழுப்பு பாசியிலிருந்துதான் வருகிறது. பாசி எண்ணெய் மாத்திரை கடைகளில் கிடைக்கிறது. இவர்கள் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்ந்து நாளுக்கு 250 முதல் 500 மி.கி. வருமாறு எடுத்தால் போதும். ஒரு கிராமைத் தாண்ட வேண்டுமென்றால் அதற்கு ஒரு மருத்துவக் காரணமும் ஒரு மருத்துவரும் வேண்டும்.

எடுக்கிறவர் சாப்பாட்டோடு எடுக்கட்டும்; கொழுப்பு இல்லாத வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது, ஏப்பமும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம். தசைச் செல்லின் உறையில் இது படிவதற்கே வாரக்கணக்காகும். ஆகவே போட்டிக்கு முதல்நாள் போடுவதால் எந்தப் பயனும் இல்லை. கழிவறைக்கு ஓட நேர்ந்தால் நஷ்டம்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் தெளிவாக்கிவிட வேண்டும். மாத்திரை வேண்டாம் என்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. வேண்டும் என்று நீட்டுகிறவர்தான் சொல்ல வேண்டும்: இந்த ஆளுக்கு என்ன குறை, அதை நிரப்ப எத்தனை மி.கி., எத்தனை நாள், எப்போது நிறுத்துவது? இந்த நான்குக்கும் பதில் தெரிந்த டிரெய்னரிடம் வாங்கிப் போடுங்கள். தெரியாதவர் நீட்டினால், அந்தப் பணத்துக்கு மத்தி வாங்குங்கள்.